மணி அடித்துவிட்டுப் போகும் உபதேசியார்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் போகும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே நாலு கிலோமீட்டர் நடந்தால் ஒரு ஏரிக்கரை. கரையைத் தாண்டினால் காலனி. ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவே வழக்கம்போல வயல்வெளி. ஒரு பழைய சைக்கிள் காலனிக்குள் வருகிறது. பின்னால் கேரியரில் ரப்பர் வளையத்தால் கட்டிய ஒரு துணிப்பை. பைக்குள் வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம், மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு தண்ணீர் பாட்டில்.

சைக்கிளை ஓட்டி வருகிறவருக்கு வயது எழுபத்தொன்று. எல்லோரும் ‘உபதேசியார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. நாமும் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, ஊரின் பெயரையும் எழுதவில்லை. ஏன் என்பது படித்துக்கொண்டு போனால் புரியும்.

முப்பத்தெட்டு வருடங்களாக இவர் சுற்றியுள்ள ஐந்து காலனிகளுக்குப் போய்வருகிறார். வீட்டுக்கு வீடு போய் ஜெபம் செய்வது, பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துவது, சாவு வீட்டில் நின்று அடக்கம் முடித்துவைப்பது, புது ஆட்களிடம் இயேசுவைப் பற்றிச் சொல்வது, இவைதான் அவருடைய வேலை. சபை கொடுக்கிற படி சைக்கிள் பஞ்சருக்கும் டீக்கும் சரியாகப் போகும். மற்ற நாட்களில் நூறு நாள் வேலை. வேலை இல்லாத நாட்களில் ஆடு மேய்ப்பார்.

ஒரு காலத்தில் இந்தக் காலனியில் மட்டும் இருபத்தேழு குடும்பங்கள் ஆராதனைக்கு வந்தன. இப்போது வெளிப்படையாக வருவது ஆறு குடும்பங்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டோம். “எங்கியும் போகல தம்பி. வூட்லதான் இருக்காங்க. கதவ சாத்திக்கினாங்க” என்றார்.

மண்ணும் விசுவாசமும்

செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிகளுக்குக் கிறிஸ்தவம் வந்த கதையைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் நிலத்தின் கதை இருக்கும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தமிழகத்தைச் சூறையாடியது. அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னரும் ஒடுக்கப்பட்ட மக்கள் தெருத்தெருவாக, குடும்பம் குடும்பமாகத் திருச்சபைக்குள் வந்தார்கள். கஞ்சிக்காகப் போனார்கள் என்று அன்றைக்கும் ஏளனம் செய்தார்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். பசித்தவனுக்குக் கஞ்சி கொடுத்தவன்மேல் குற்றம் சொல்கிற இவர்கள், பசிக்க விட்டவன்மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கஞ்சியோடு அது முடிந்துபோகவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி போன்றவர்கள் பறையர் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார்கள், வாதாடினார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை 1891-ல் அரசுக்கு அனுப்பினார். அதைத் தொடர்ந்துதான் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. முதல் பத்து வருடத்துக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் பஞ்சமர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுத்த நிலம் அது. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பதை இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறோம். 1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று கிறிஸ்தவப் பெயர், இன்னொன்று இந்துப் பெயர். துப்பாக்கி குண்டு மதச் சான்றிதழ் கேட்கவில்லை.

சான்றிதழ் கேட்பது அரசாங்கம்.

ஒரு கதவு

காலனியின் மூன்றாவது தெருவில் ஒரு தொகுப்பு வீடு. அந்த வீட்டு அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பக்கத்தில் நின்றவர் உபதேசியார். கல்யாணத்துக்கு ஜெபம் செய்தவரும் அவர்தான். அவர்களுடைய மகள் எழுதப் படிக்கக் கற்றது அவருடைய ஞாயிறு பள்ளியில். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அந்தப் பெண் தாழ்ந்த குரலில் எழுத்துக்கூட்டி வேதாகமம் வாசிப்பாள் என்று உபதேசியார் பெருமையாகச் சொல்கிறார்.

அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கவேண்டும். சாதிச் சான்றிதழுக்கு விசாரிக்க அலுவலர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், வீட்டுச் சுவரில் இருந்த சிலுவைப் படம் இறங்கியது. அந்த இடத்தில் ஒரு முருகன் காலண்டர் ஏறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் போனபோது அந்த அம்மா வாசலுக்கு வந்து, உள்ளே கூப்பிடாமல் நின்றார்.

“பெரிப்பா, இனிமே வூட்டுக்கு வராதீங்க. யாராச்சும் பாத்தா பாப்பா சீட்டு போயிடும்.”

இதைச் சொல்லும்போது அந்த அம்மா அழுதாராம். உபதேசியார் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த அம்மா பொய் சொல்கிறார், ஏமாற்றுகிறார் என்று சொல்லுகிறவர்கள் சட்டத்தைக் கொஞ்சம் படிக்கவேண்டும். 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத மதத்தைச் சேர்ந்த எவரும் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்று சொன்னது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். நேற்றுவரை தன்னைத் தெருவுக்குள் விடாத நிலவுடைமைச் சாதிகளோடு அதே பட்டியலில் நின்று அவர் போட்டி போடவேண்டும். ஊராட்சித் தலைவர் பதவிக்கான தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதியைச் சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது. 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு போதகர் தொடுத்த வழக்கில் இதைத்தான் சொன்னது.

அடிக்கிறவன் என்ன பார்த்து அடிக்கிறான்? கழுத்தில் சிலுவை இருக்கிறதா என்று பார்த்தா அடிக்கிறான்? காலனிக்காரன் என்று தெரிந்துதானே அடிக்கிறான்?

1985-ல் சூசை என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் அவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்ற காரணத்தால் அவருக்குக் கிடைக்கவில்லை. மதம் மாறிய பின்னும் அதே இழிவு அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளியது. அதே சாலையோரத்தில் அதே ஊசியோடு அவர் உட்கார்ந்திருந்தது ஆதாரமாகவில்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசுக்கு அனுப்பியது. காகிதங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அந்த வீட்டில் சிலுவைப் படம் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது.

உள்ளேயும் ஒரு சுவர்

வெளியே இருப்பவர்கள் தள்ளினார்கள் என்பது கதையில் பாதிதான். மறுபாதியைச் சொல்லாவிட்டால் நாம் நேர்மையாக எழுதியதாகாது.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி கூடாது, அதை உடனே அடியோடு விட்டுவிடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதை எதிர்த்துத் தஞ்சாவூரில் எழுந்து நின்றவர்கள் கிறிஸ்தவர்கள்தான். நற்கருணைக் கிண்ணத்தில் சேர்ந்து குடிக்க மாட்டோம், சேர்ந்து உட்கார மாட்டோம் என்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்தில் அப்போதிருந்த எறையூரில், ஒரே பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்குள் சாதி மோதல் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். தலித் மக்கள் கேட்டது சம மரியாதை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை 2016-ல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதைப் பாராட்டுவோம். ஒப்புக்கொள்ள எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதையும் எண்ணிக்கொள்வோம்.

நம் உபதேசியாருக்கும் இதில் பங்கு கிடைத்திருக்கிறது. நகரத்துச் சபையில் ஒரு விழாவுக்குப் போனபோது, சாப்பாட்டுப் பந்தியில் ‘கிராமத்து ஆட்கள் அடுத்த பந்தி’ என்று எழுப்பிவிட்டார்களாம். எந்தச் சபை என்று சொல்ல மறுத்துவிட்டார். “அது ஆண்டவர் வீடு தம்பி. வீட்டு மானத்த வெளிய சொல்லக்கூடாது” என்றார். அவர் சொல்லாததை நாமும் துருவிக் கேட்கவில்லை. ஆனால் பந்தியில் எழுப்பிவிடப்பட்டவர்தான் அந்த வீட்டின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார் என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகளின் கேள்வி

காலனி முகப்பில் அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது. நீலச் சட்டை போட்ட இளைஞர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் உபதேசியாரிடம் ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள். பார்த்தால் எழுந்து நின்று ‘தாத்தா, தோத்திரம்’ என்கிறார்கள். அந்த மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

“தாத்தா, கோவில்ல உள்ள விடலன்னு வெளிய வந்தோம். சர்ச்சுலயும் பின்னால உக்கார வெச்சாங்க. ரெண்டும் ஒண்ணுதான? பாபாசாகேப் இன்னா சொன்னாரு? அவரு ஏன் கிறிஸ்தவத்துக்குப் போகல?”

நியாயமான கேள்வி. 1935-ல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த அம்பேத்கர், 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். இடைப்பட்ட இருபது வருடத்தில் எல்லா மதத்தையும் எடைபோட்டுப் பார்த்தார். திருச்சபைக்குள் சாதி ஒழியவில்லை என்பதையும், தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் உரிமைக்காகத் திரண்டு எழவில்லை என்பதையும் கடுமையாகவே எழுதினார். நம்முடைய அயோத்திதாசப் பண்டிதரும் அவருக்கு முன்பே, 1898-ல், பௌத்தத்தின் பக்கம் திரும்பியவர்தான்.

உபதேசியார் இதற்கு என்ன பதில் சொல்வார் என்று காத்திருந்தோம். வசனம் எடுத்துப் போடுவார் என்று நினைத்தோம். அவர் படிப்பகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

“நீங்க சொல்றது சரிதாம்பா. பின்னாலதான் உக்கார வெச்சாங்க. எங்க அப்பன் பண்ணையாளு. பேரச் சொல்லி ஒருத்தனும் கூப்ட்டதில்ல, ‘டேய்’தான். மொத மொதல்ல ஒரு உபதேசியாரு வந்து அவரு பேரக் கேட்டு, அந்தப் பேரச் சொல்லி ஜெபம் பண்ணாரு. பேரச் சொல்லி ஆண்டவர்கிட்ட பேசனாரு. எங்க அப்பன் சாவற வரைக்கும் அதச் சொல்லிக்கினே இருந்தாரு. அதத்தான் நானும் சொல்லிக்கினு போறேன். புடிச்சா வாங்க. புடிக்கலன்னா வுடுங்க. ஆனா நான் சொல்லாம இருக்க முடியாது.”

இளைஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவன் மட்டும் போகும்போது சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்து, காற்று அடித்துக் கொடுத்தான்.

மூன்று மாதம்

இவருக்குச் சலிப்பே வரவில்லையா? கேட்டோம். சிரித்தார். மனைவி இறந்த வருடம், அதே சமயத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தின நேரம், மூன்று மாதம் சைக்கிளைத் தொடவில்லையாம். ஊர்ப்பக்கம் ஒருமுறை பேசப்போய், மதம் மாற்ற வந்தவன் என்று சட்டையைப் பிடித்த சம்பவமும் அந்த நாட்களில்தான் நடந்தது. 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004 தேர்தலுக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போய்விட்டாலும் சட்டையைப் பிடிக்கிற கை போகவில்லை. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25-வது பிரிவு கொடுக்கிறது. ஒருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உபதேசியாருக்கு வழக்கின் பெயர் தெரியாது. ஆனால் அந்த வித்தியாசம் தெரியும். “நான் யாரையும் மாத்தல. சொல்றேன். மாத்தறது என் வேல இல்ல” என்றார்.

மூன்று மாதம் வீட்டோடு இருந்தவரை ஒரு விடியற்காலையில் வந்து எழுப்பினார்கள். பக்கத்துக் காலனியில் ஒரு கிழவி இறந்துவிட்டார். சபையின் ஆயருக்கு வேறு எங்கோ கூட்டம். சொல்லி அனுப்பியும் வரமுடியவில்லை. ஊர்த்தெரு வழியாகப் பாடை போகக்கூடாது என்று அங்கே வழக்கம். மழைக்காலம். நடவு முடிந்த வயல் வரப்பில் நாலு பேர் சேறு மிதித்துச் சுமந்தார்கள். உபதேசியார் வேதாகமத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். குழிமேட்டில் நின்று கிழவியின் பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை என்று கிழவியின் பேத்தி அழுதாளாம்.

“அன்னைக்கு நெனச்சேன் தம்பி. நானும் வூட்ல உக்காந்துட்டா இந்த ஜனத்துக்குப் பேரச் சொல்றதுக்கு ஆள் இல்ல.”

அந்த வாரமே சைக்கிளை எடுத்துப் பழுது பார்த்தார்.

நம்முடைய சலிப்பு

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் சொல்லவேண்டும். நாம் மதத்தைப் பரப்புகிறவர்கள் அல்ல. விசுவாசம் குறித்து நமக்குள் பல கருத்து உண்டு, கடவுளே வேண்டாம் என்பவர்களும் நம்மில் உண்டு. ஆனால் இருபது வருடமாக நாமும் வீடு வீடாகப் போகிறவர்கள்தான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போகிறோம். சுடுகாட்டுப் பாதைக்கு ஒரு மனு, பஞ்சமி நிலத்துக்கு ஒரு மனு, அதே மனுவின் நகல் அடுத்த வருடம். கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் நம் ஜனமே கதவைச் சாத்துகிறது. வேலை போய்விடும், கடன் கொடுத்தவன் கேட்பான், எதுக்கு வம்பு என்கிறார்கள். எத்தனையோ தோழர்கள் சலித்து ஒதுங்கிவிட்டார்கள். நாமும் சில மாதம் ஒதுங்கி இருந்தோம்.

கதவைச் சாத்தினவர்கள்மேல் நமக்குக் கோபம் வந்தது உண்மை. பயந்தாங்கொள்ளிகள் என்று மேடையில் பேசியிருக்கிறோம். உபதேசியாரிடம் அந்தக் கோபத்தைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. மூன்றாவது தெரு அம்மாவைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இது: “அது தப்பு பண்ணல. புள்ளைய படிக்க வெக்கிது. நான் அங்க போய் நின்னு அந்தப் புள்ள சீட்ட கெடுத்தா, நான் சொல்ற ஆண்டவரு என்ன ஆண்டவரு?”

நாம் அந்த அம்மாவின் பயத்தைத்தான் பார்த்தோம். பயம் எங்கிருந்து வருகிறது என்று அவர் பார்க்கிறார். அதனால்தான் அவருக்கு அந்த அம்மாமேல் கோபம் வரவில்லை.

கோபம் வரவேண்டிய இடம் இருக்கிறது. ஒரு பெண் படிப்பதற்கும் கும்பிடுவதற்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற அந்த மூன்றாவது பத்தி இருக்கிறது. அதை எடுக்கவேண்டும். எடுக்கும்வரை கேட்போம். திருச்சபைகளிடமும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. நகரத்தில் எழும்புகிற கட்டடங்களைப் பார்க்கிறோம். மழையிலும் வெயிலிலும் காலனிகளைச் சுற்றுகிற உபதேசியார்களுக்கு ஒரு முறையான சம்பளம், முதுமைக்கு ஓர் ஓய்வூதியம், பந்தியில் ஓர் இலை. அதிகம் கேட்கவில்லை.

பேசி முடிக்கும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. அவரோடு நடந்தோம். மூன்றாவது தெருவில் அந்த வீட்டுக்கு முன்னால் அவர் நிற்கவில்லை, இறங்கவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மணியை இரண்டு முறை அடித்தார். ‘கிளிங், கிளிங்’. அவ்வளவுதான், போய்க்கொண்டே இருந்தார்.

எதற்கு என்று கேட்டோம்.

“ஞாயித்துக்கெழமன்னு அதுங்களுக்குத் தெரியணும் இல்ல” என்றார்.

திரும்பிப் பார்த்தோம். கதவு திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றிருந்தது.